அங்ககக் கார்பன் "அதிகம்", மணிச்சத்து "குறைவு": நீலகிரி மண்ணில் இது எப்படி?

கேத்தி_கிழங்கு

வணக்கம். ஊட்டி அருகே கேத்தி பக்கம் ஒன்றரை ஏக்கர். உருளைக்கிழங்கு, கேரட், இடையில் பூண்டு என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். மண் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. பி.ஹெச் 4.8, அதாவது நல்ல அமிலம். அங்ககக் கார்பன் (மண்ணிலுள்ள மக்கைக் காட்டும் எண்) 3.1 சதவீதம், "அதிகம்" என்று போட்டிருக்கிறார்கள். கிடைக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஹெக்டேருக்கு 9 கிலோ, "குறைவு".

தாத்தா காலத்திலிருந்து வருஷம் தவறாமல் மாட்டுக் குப்பை அடிக்கிறோம். கிழங்குக்கு சூப்பர் பாஸ்பேட், காம்ப்ளக்ஸ் உரம் எல்லாம் குறைவில்லாமல் போகிறது. மக்கு அதிகம் இருந்தால் மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தை விடுவிக்கும் என்று போகிற கூட்டத்தில் எல்லாம் சொல்கிறார்கள். என் மண்ணில் மக்கு இருக்கிறது, மணிச்சத்தைக் காணோம். இன்னும் குப்பை போடுவதா, சூப்பரைக் கூட்டுவதா?

பசுந்தாள்

அண்ணா, இரண்டும் வேண்டாம். உங்கள் மண்ணில் மொத்த மணிச்சத்து ஹெக்டேருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் இருக்கும். பூட்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான். சாவி நுண்ணுயிரிடம் இருக்கிறது. சூப்பர் போடுவதை நிறுத்திவிட்டு ஜீவாமிர்தம், பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்தைக் கரைக்கும் நுண்ணுயிர் உரம்), மூடாக்கு என்று இரண்டு வருஷம் போங்கள். மக்கு அமிலங்கள் மணிச்சத்தை இரும்பிடமிருந்து பிடுங்கிக் கொடுத்துவிடும்.

லேப்_மேசை

முதலில் ஒரு கேள்வி. அந்த 9 கிலோ எந்த முறையில் அளந்தது? ஓல்சனா, பிரேயா? தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

ஓல்சன் முறையில் பி.ஹெச் 8.5 உள்ள சோடியம் பைகார்பனேட் கரைசலை வைத்து மணிச்சத்தைப் பிரித்தெடுக்கிறோம். 1954இல் சுண்ணாம்பு மண்ணை மனதில் வைத்து வந்த முறை. பிரே முறை 1945. அதில் அமோனியம் ஃபுளோரைடும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேரும். ஃபுளோரைடு அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனோடு ஒட்டியிருந்த மணிச்சத்து வெளியே வரும். அமில மண்ணுக்குப் பொருத்தமானது பிரேதான். 11க்குக் கீழ் குறைவு, 22க்கு மேல் அதிகம் என்று நாம் பார்க்கிற அட்டவணை ஓல்சனுக்கானது. பிரே எண்ணை அந்த அட்டவணையில் வைத்துப் படித்தாலும் தப்பு, 4.8 மண்ணில் ஓல்சன் எண்ணை மட்டும் நம்பி முடிவெடுப்பதும் தப்பு.

இன்னொன்று. இரண்டு முறையிலும் கடைசியில் நிறம் பார்த்து அளப்பது மாலிப்டினம் நீலம். அது கனிம மணிச்சத்தைத்தான் காட்டும். மக்குக்குள் இருக்கும் அங்கக மணிச்சத்து அந்த எண்ணில் வராது. மக்கு அதிகமுள்ள மண்ணில் மொத்த மணிச்சத்தில் பாதிகூட அந்த வடிவில் இருக்கலாம்.

கேத்தி_கிழங்கு

பார்த்தேன் சார், ஓல்சன் என்றுதான் இருக்கிறது.

மண்வாசி

மண்ணியல் படிக்கிறேன். மலை மண்ணில்தான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

"மக்கு மணிச்சத்தை விடுவிக்கும்" என்ற வாக்கியத்துக்குள் நாலைந்து வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன. சில உண்மை, சில பாதி உண்மை. நீலகிரி மண்ணில் ஒன்று தலைகீழாகவே நடக்கிறது.

அமில மண்ணில் பாஸ்பேட்டைப் பிடிப்பவை இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள். கோதைட், கிப்சைட் மாதிரியானவை. அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் ஹைட்ராக்சிலைத் தள்ளிவிட்டு பாஸ்பேட் அந்த இடத்தில் நேரடியாகப் பிணைந்துகொள்ளும். மேலோட்டமான மின் ஈர்ப்பு என்றால் எளிதில் கழன்று வரும், இது அப்படியல்ல. நாளாக ஆக இன்னும் உள்ளே இறங்கி இறுகும். போட்ட உரத்தில் முதல் பயிர் எடுப்பது 10 முதல் 20 சதவீதம் என்பதற்குக் காரணம் இதுதான்.

அங்கக அமிலங்கள் இங்கே என்ன செய்கின்றன? சிட்ரேட், ஆக்சலேட், மாலேட், அப்புறம் ஹியூமிக் அமிலத்தின் பெரிய மூலக்கூறுகள், இவையும் அதே இடங்களில் உட்காரக்கூடியவை. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். ஆனால் துண்டு ரொம்ப நேரம் இருக்காது. சிட்ரேட் போன்ற சிறிய அமிலங்களை நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் தின்றுவிடும். சோதனைக்கூடத்தில் நிறைய சிட்ரேட்டை ஊற்றி மணிச்சத்து வெளியே வந்தது என்று காட்டலாம். தோட்டத்து மண்ணில் அந்த அளவு சிட்ரேட் இருப்பது வேர் நுனிக்குப் பக்கத்தில் மட்டுமே. குப்பை போட்ட பிறகு மணிச்சத்து கூடியது என்று காட்டும் பல சோதனைகளில், கூடியதில் பெரும் பங்கு அந்தக் குப்பையே கொண்டுவந்த மணிச்சத்துதான். அதைக் கழித்துப் பார்க்காமல் "விடுவித்தது" என்று சொல்லிவிடுகிறோம்.

நீலகிரிக்கு வருவோம். ஊட்டி மேட்டு நிலத்தில் சில மண்களில் அலுமினியமும் மக்கும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. எரிமலைச் சாம்பலே இல்லாமல், சார்னோகைட் போன்ற பாறையிலிருந்து வந்த மண்தான், ஆனாலும் எரிமலை மண் போலவே நடந்துகொள்ளும். அலுமினியம் பிடித்துக்கொண்ட மக்கை நுண்ணுயிரால் எளிதில் சிதைக்க முடியாது. மேலே குளிரும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் கார்பன் 3 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. ஆனால் அந்த மக்கில் ஒட்டியிருக்கும் அலுமினியம் பாஸ்பேட்டையும் பிடிக்கும்! போதாக்குறைக்கு, மக்கு சூழ்ந்திருக்கும்போது இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் ஒழுங்கான படிகமாக வளராமல் நுண்ணிய துகள்களாகவே நின்றுவிடுகின்றன. துகள் சின்னதானால் மேற்பரப்பு அதிகம், பிடிப்பும் அதிகம்.

கேத்தி அண்ணா, உங்கள் தாளில் கார்பன் அதிகமும் மணிச்சத்து குறைவும் பக்கத்தில் பக்கத்தில் வருவதில் முரண் ஒன்றும் இல்லை. அந்த 3.1 பழைய, கட்டுண்ட மக்கு. கூட்டத்தில் சொல்லும் "மக்கு" புதிதாகப் போட்டு இப்போது சிதைந்துகொண்டிருப்பது. பரிசோதனையில் இரண்டும் ஒரே எண்ணாக வருகிறது.

பசுந்தாள்

சோதனைக்கூடக் கணக்கெல்லாம் சரி. ஆனால் மூடாக்குப் போட்ட இடத்தில் செடி நன்றாக வருவதைக் கண்ணால் பார்க்கிறோமே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

மண்வாசி

வரும், அதை நான் மறுக்கவில்லை. காரணம் வேறாக இருக்கலாம் என்கிறேன். பி.ஹெச் 5க்குக் கீழே போனால் மண் நீரில் அலுமினியம் கரைந்து நிற்கும். வேர் நுனி தடித்துக் குட்டையாகிவிடும். மணிச்சத்து தானாக வேரைத் தேடி வருகிற சத்து இல்லை, ஒரு பருவத்தில் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே பெரிது. வேர்தான் போய்த் தொட வேண்டும். புதிய மக்கு அந்த அலுமினியத்தைக் கட்டிப்போடுகிறது. அப்புறம் பச்சைத் தழை சிதையும்போது அதிலுள்ள அங்கக எதிர் அயனிகள் ஹைட்ரஜனை வாங்கிக்கொள்வதால் பி.ஹெச் சில வாரங்களுக்குக் கொஞ்சம் ஏறும். பிறகு அமோனியம் நைட்ரேட்டாக மாறும்போது மறுபடி இறங்கும். அந்த இடைவெளியில் வேர் இறங்கிவிட்டால் செடி பிழைத்தது. மணிச்சத்து கூடியதாக நமக்குத் தெரிகிறது. உண்மையில் கூடியது வேர். என் கணிப்பில், அமில மண்ணில் குப்பையின் பெரிய லாபமே இதுதான். பூட்டு, சாவி என்று பேசிப் பேசி இதை விட்டுவிடுகிறோம்.

தேயிலைத்துளிர்

கோத்தகிரியிலிருந்து. எங்கள் சில்வர் ஓக் மரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது புரோட்டியேசி குடும்பம். மணிச்சத்து குறைந்த இடத்தில் புட்டிக் கழுவும் பிரஷ் மாதிரி கொத்துக் கொத்தாக வேர் விடும். அந்த வேரிலிருந்து அமிலம் கசிந்து இரும்பு, அலுமினியத்திடம் இருக்கும் மணிச்சத்தை எடுக்கும். நிழலுக்கும் மிளகுக்கொடிக்கும் என்று வைத்த மரம் இப்படியும் ஒரு வேலை பார்க்கிறது. இலை உதிர்ந்தால் அதில் கொஞ்சம் தேயிலைக்குப் போகும்.

தேயிலையில் நாங்கள் சூப்பர் போடுவதில்லை, ராக் பாஸ்பேட், அதாவது பாஸ்பேட் பாறைப் பொடிதான். ராஜஸ்தானிலிருந்து வரும் ராஜ்பாஸ். மேலே தூவாமல் வேர் பக்கம் குழி போட்டு வைப்போம்.

லேப்_மேசை

தேயிலைக்கு அது சரி. ராக் பாஸ்பேட் கரைவதற்கு அமிலம் வேண்டும், கரைந்து வரும் கால்சியத்தை எடுத்துக்கொள்ள யாராவது வேண்டும். அமில மண்ணில் இரண்டும் நடக்கும், மக்கு இருந்தால் கால்சியத்தை அதுவும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். ஆனால் மெதுவாக நடக்கும். வருஷக்கணக்கில் நிற்கும் செடிக்குப் பிரச்சினை இல்லை. நாலு மாதத்தில் தோண்டி எடுக்கிற கிழங்கு அதுவரை காத்திருக்காது. அதோடு, ராக் பாஸ்பேட்டையும் சுண்ணாம்பையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போட்டால் போட்ட காசு வீண். ஒன்றுக்கு அமிலம் வேண்டும், மற்றது அமிலத்தைத் தீர்க்க வருவது.

ராகலை_தோட்டம்

வணக்கம், நுவரெலியா மாவட்டம் ராகலையிலிருந்து. எங்க மண் செம்மஞ்சள் பொட்சோல், அதுவும் அமிலந்தான். ஆனா எங்க பக்கம் கதை நேர் எதிர். கரட், லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்), கிழங்கு என்று வருஷத்துக்கு இரண்டு மூன்று போகம். ஒவ்வொரு போகத்துக்கும் லொறி லொறியா கோழி எரு, அதுக்கு மேல டி.எஸ்.பி. (டிரிபிள் சூப்பர் பாஸ்பேட்). இப்ப பரிசோதிச்சா நிறைய மரக்கறித் தோட்டங்களில் மணிச்சத்து அளவுக்கு மிஞ்சி நிற்குது. மழைக்குச் சரிவிலிருந்து மண்ணோட கழுவிக்கொண்டு, நுவரெலியா டவுன் பக்கமென்றா கிரகரி வாவி வரைக்கும் போகுது.

2021இல இரசாயனப் பசளைக்குத் தடை வந்தப்ப எங்க மரக்கறித் தோட்டத்தில் முதலில் கையைக் கடிச்சது தழைச்சத்துதான். மணிச்சத்து இல்லாமல் பயிர் நின்றதாக நான் காணல்ல. நவம்பரில் தடையை எடுத்தாங்க. அதனால கேட்கிறேன்: மண் பிடிக்கும் பிடிக்கும் என்கிறீங்களே, அதுக்கு ஒரு அளவு இருக்கா?

மண்வாசி

இருக்கிறது. பிடிக்கும் இடங்கள் எண்ணிக்கையில் முடிவுள்ளவை. வருஷக்கணக்கில் கொட்டினால் வலுவான பிடிப்பிடங்கள் முதலில் நிறையும், அப்புறம் வருவது தளர்வாக ஒட்டும், அதைப் பயிரால் எடுக்க முடியும். பிரேசிலில் செராடோ சமவெளியின் சிவப்பு மண்ணைச் சோயா விளையும் நிலமாக மாற்றியதில் பாதிக் கதை இதுதான். சுண்ணாம்பு போட்டு, பெரிய அளவில் பாஸ்பேட் கொட்டி, மண்ணின் பசியை அடக்கிய பிறகு பராமரிப்பு அளவுக்கு இறங்கினார்கள். அந்த வேலைக்காக 2006இல் மூன்று பேருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். நுவரெலியாவில் கோழி எருவும் டி.எஸ்.பி.யும் அதையே யாரும் திட்டமிடாமல் செய்துவிட்டன என்று நினைக்கிறேன்.

கோழி எரு வேறு, மாட்டுக் குப்பை வேறு என்பதும் இதில் தெரிகிறது.

லேப்_மேசை

கணக்குப் போட்டுவிடலாம். மலைக் கிழங்குக்கு ஹெக்டேருக்கு தழை, மணி, சாம்பல் சத்து 120:240:120 கிலோ என்று பரிந்துரை. தழைச்சத்தைவிட மணிச்சத்து இரண்டு மடங்கு. சமவெளியில் இந்த விகிதத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். மலை மண் பிடிப்பதற்கும் சேர்த்துத்தான் அந்த 240. சூப்பரில் 16 சதவீதம் என்றால் ஹெக்டேருக்கு 1,500 கிலோ, ஏக்கருக்கு சுமார் 12 மூட்டை.

இனி குப்பை. தொழு உரத்தில் மணிச்சத்து சுமாராக 0.2 சதவீதம். 15 டன் போட்டால் 30 கிலோ. கோழி எருவில் 2.6 சதவீதம் வரை வரும். 5 டன் போட்டாலே 130 கிலோ. நாமக்கல்லிலிருந்து ஏறி வரும் கோழி எரு லாரி ஒவ்வொன்றும் ஒரு உர லாரிதான், அதைக் கணக்கில் சேர்க்காமல் 240 கிலோவையும் மேலே போட்டால் ராகலை நண்பர் சொன்ன இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம். பசுந்தாள் சொல்வது போல மாட்டுக் குப்பையை மட்டும் நம்பி சூப்பரை ஒரேயடியாக நிறுத்தினால், மண்ணில் ஏற்கெனவே சேர்ந்திருப்பது எவ்வளவு என்று தெரியாமல் செய்கிற வேலை அது.

பசுந்தாள்

தழை உரத்தை விட்டுவிட்டீர்களே. கொடைக்கானல், ஊட்டி ரோட்டோரமெல்லாம் காட்டுச் சூரியகாந்தி மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. மேற்கு கென்யாவின் சிவப்பு மண்ணில் அதை வெட்டிப் போட்டு மக்காச்சோளம் எடுக்கிறார்கள். அதில் மணிச்சத்து நிறைய என்று படித்தேன்.

மண்வாசி

நல்ல உதாரணம். டித்தோனியா. காய்ந்த தழையில் மணிச்சத்து சுமார் 0.37 சதவீதம், பாஸ்பரஸ் தனிமமாகக் கணக்கிட்டால். இந்த எண் ஏன் முக்கியம் என்றால், தழையில் 0.25 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நுண்ணுயிர் தன் உடம்புக்கே மண்ணிலிருந்து மணிச்சத்தை எடுத்துக்கொள்ளும். கார்பனுக்கும் மணிச்சத்துக்கும் உள்ள விகிதம் 200க்குக் கீழ் என்றால் வெளியே விடும், 300க்கு மேல் என்றால் உள்ளே இழுக்கும். டித்தோனியா நூற்றுச் சொச்சம். வைக்கோல் 400, 500. கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை, சீகை (வாட்டில்) இலை எல்லாம் அதைவிட மோசம். கற்பூர இலையை அள்ளி மூடாக்குப் போட்டுவிட்டு மணிச்சத்து வரவில்லை என்று வருத்தப்படுவதில் பயனில்லை. மண் அரிப்பைத் தடுக்கும், ஈரம் காக்கும். மணிச்சத்துக் கணக்கில் அது கடன்.

ஆனால் டித்தோனியாவிலும் ஒரு சிக்கல். 5 டன் காய்ந்த தழை என்றால் பச்சையாக 25, 30 டன். அதை வெட்டிச் சுமந்து வர ஆள் கூலி? அதில் கிடைப்பது சூப்பர் மூட்டையில் எழுதும் கணக்கில் (தனிமமாக அல்ல, P₂O₅ ஆக) 42 கிலோ. அதுவும் ரோட்டோர மண்ணிலிருந்து வந்தது, இடம்தான் மாறியது.

தேயிலைத்துளிர்

மண்ணில் போடும் கரி, அந்த பயோசார் பற்றி ஒரு வார்த்தை? அமேசான் கருப்பு மண் என்று எல்லோரும் காட்டுகிறார்களே.

லேப்_மேசை

அமேசான் கருப்பு மண்ணில் கரி இருக்கிறது, உண்மை. ஆனால் அதிலுள்ள மணிச்சத்து மீன் முள், எலும்பு, சாம்பல், மனிதக் கழிவு எல்லாம் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து வந்தது. வெறும் மரக்கரியில் அது கிடையாது.

பசுந்தாள்

பாஸ்போபாக்டீரியாவும் வேண்டாம் என்பீர்கள் போலிருக்கிறது.

மண்வாசி

வேண்டாம் என்று சொல்லவில்லை. விலை குறைவு, போட்டுப் பாருங்கள். ஆனால் சோதனைக்கூடத் தட்டில் வைத்த டிரைகால்சியம் பாஸ்பேட்டைக் கரைக்கிற பாக்டீரியா என்று தேர்ந்தெடுத்ததைக் கொண்டுவந்து, அலுமினியம் பிடித்திருக்கும் மண்ணில் விடுகிறோம். கால்சியம் பாஸ்பேட்டைக் கரைக்க அமிலம் போதும். இங்கே ஏற்கெனவே அமிலம்தான் தொல்லை. இந்த மண்ணுக்கு வேர் பூசணம், அதுதான் வேம் என்று விற்பது, பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். அதன் இழை வேர் எட்டாத இடம் வரை போய்த் தொடும். கரைப்பதைவிட இங்கே எட்டுவதுதான் பிரச்சினை. முட்டைக்கோஸுக்கு மட்டும் வாங்காதீர்கள், அந்தக் குடும்பத்தின் வேரோடு அந்தப் பூசணம் சேராது.

கேத்தி_கிழங்கு

நிறைய தெரிந்துகொண்டேன். நடைமுறைக்கு வருகிறேன். சாலில் கிழங்கு வைக்கும்போது குப்பையையும் சூப்பரையும் கலந்து சாலிலேயே போடுவது அப்பா பழக்கம். தம்பி, உரத்தைத் தூவி மண்ணோடு நன்றாகக் கலக்க வேண்டும் என்கிறான். எது சரி? இன்னொன்று, சுண்ணாம்பு போட்டால் சொறி நோய் வரும் என்று பயப்படுகிறோம்.

லேப்_மேசை

அப்பா சொல்வதுதான் இந்த மண்ணுக்கு. எல்லா மண்ணோடும் கலந்தால் எல்லா மண்ணும் பிடிக்கும். குப்பையோடு சேர்த்துச் சாலில் வைத்தால் மண்ணோடு தொடுகிற பரப்பு குறைவு. அதோடு துண்டு போடும் வேலையும் அந்தச் சின்ன இடத்துக்குள் நடக்கும், அங்கே கொஞ்சம் பலனும் உண்டு. கிழங்கு வேர் ஆழம் போகாத வேர், பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். உரம் விதைக் கிழங்கைத் தொடாமல் நடுவில் கொஞ்சம் மண் இருக்கட்டும்.

சுண்ணாம்பு விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. சாதாரணச் சொறி நோய் பி.ஹெச் 5.2க்கு மேல் போகப் போகக் கூடும். அதனால் கிழங்குக்கு 6.5 வரை ஏற்றுகிற கணக்கெல்லாம் வேண்டாம். அலுமினியம் அடங்குகிற அளவு போதும், அதாவது 5, 5.2 பக்கம். அதையும் கிழங்குக்கு முன்னால் போடாமல் கேரட்டுக்கு முன்னால் டோலமைட்டாகப் போடுங்கள். மெக்னீசியமும் கிடைக்கும்.

அறுவடைக்குப் பிறகு மாதிரி எடுத்து பிரே முறையில் பாருங்கள். சாலில் ஒன்று, சால் இடைவெளியில் ஒன்று, தனித்தனியாக. இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் அடுத்த தடவை மூட்டையைக் குறைக்கலாமா என்று சொல்ல முடியும்.

ராகலை_தோட்டம்

கேத்தி அண்ணே, நீங்க பசளையைக் கூட்ட முதல் அந்தப் பரிசோதனையைச் செய்திடுங்க. எங்க ஆட்கள் பார்க்காமலே போட்டுத்தான் இவ்வளவு சேர்ந்தது.

பசுந்தாள்

சரி, சுமந்து வராமல் அங்கேயே வளர்க்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? துவரை வேர் இரும்பிடமிருந்து மணிச்சத்தை எடுக்கும் என்று ஹைதராபாத் பக்கம் இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தார்களே.

மண்வாசி

ஆமாம், துவரை வேரில் கசியும் பிஸ்சிடிக் அமிலம். ஆனால் ஊட்டிக் குளிரில் துவரை சரிப்படாது. அந்த இடத்தை லூபின் பிடிக்கும். மலையில் பசுந்தாள் உரமாகப் பழக்கத்தில் இருந்ததுதான். வெள்ளை லூபினுக்கு சில்வர் ஓக் மாதிரியே கொத்து வேர் வரும், சிட்ரேட் கசியும். தனக்குத் தேவையானதை இறுகிய இடத்திலிருந்து எடுத்துத் தழையில் வைத்துக்கொள்ளும், மடக்கி உழுதால் அது அடுத்த பயிருக்கு அங்கக வடிவில் கிடைக்கும். விதை வாங்கும்போது எந்த லூபின் என்று கேட்டு வாங்குங்கள், எல்லா லூபினும் ஒரே அளவு கொத்து வேர் விடுவதில்லை.

கேத்தி_கிழங்கு

பூண்டு எடுத்த பிறகு ஒரு இடைவெளி இருக்கிறது, அதில் கால் ஏக்கரில் போட்டுப் பார்க்கிறேன். எப்போது மடக்கி உழுவது? காய் பிடிக்க விடலாமா?

மண்வாசி

விடாதீர்கள். பூ எடுக்க ஆரம்பித்ததும் உழுதுவிடுங்கள். காய் பிடித்தால் மணிச்சத்து விதைக்குப் போய்விடும், தண்டு முற்றி கார்பன்-மணிச்சத்து விகிதம் 200ஐத் தாண்டும். உழுது இரண்டு, மூன்று வாரம் விட்டுக் கிழங்கு வையுங்கள், அதற்கு மேல் தள்ளினால் பி.ஹெச் ஏற்றம் கைவிட்டுப் போகும்.